தொட்டிக்குச் சர்க்கரைப் பொங்கல்

1. பலூன் நிறைய கேஸ்

"சார், பலூன் ஃபுல்லா கேஸ் இருக்கு. இன்ஜின் மட்டும் ஓட மாட்டேங்குது. ஒடனே வாங்க."

போனில் மல்லிகா. சமயபுரம் தாண்டி மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். சாண எரிவாயுவைப் பெரிய ரப்பர் பலூனில் சேர்த்து, அதைக்கொண்டு ஜெனரேட்டர் ஓட்டிக் கரண்ட் எடுக்கும் பிளான்ட் போட்டுக்கொடுப்பது என் தொழில். அவருக்கும் நான்தான் போட்டுக்கொடுத்தேன். பொங்கல் முடிந்த கையோடு, பராமரிப்பு வேலைக்காக அன்று பகல் முழுக்க ஊரில் கரண்ட் கிடையாது. என் பேச்சை நம்பி டீசல் ஜெனரேட்டரை வேறு விற்றிருந்தார். கூலரில் அவர் பாலோடு அக்கம்பக்கத்து வீடுகளின் பாலும் கிடந்தது. இன்ஜின் ஓடாவிட்டால் அத்தனையும் கெட்டுவிடும்.

ஸ்ரீரங்கத்தில் தட்டில் வைத்த இட்லியை அப்படியே விட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். கொள்ளிடம் பாலம் தாண்டும்போதுகூடப் பதற்றம் இல்லை. நான் போட்ட பிளான்ட் படுக்காது என்கிற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

மல்லிகாவின் கணவர் செல்வம் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பிளக், ஃபில்டர் எல்லாம் தொடச்சுட்டேன் சார். ஸ்டார்ட் ஆகுது, ஒடனே நின்னுடுது."

நான் இன்ஜினைத் தொடவில்லை. டெஸ்ட் பர்னரைப் பற்றவைத்தேன். தீ மேலே எழும்பி அணைந்துவிட்டது. கேஸ் நிறைய இருந்தது, ஆனால் அதில் எரிகிற மீத்தேன் குறைந்து கரியமிலவாயு ஏறியிருந்தது.

சாணம் நொதித்துக் கேஸ் உண்டாகும் தொட்டிப் பக்கம் போனேன். சுவரெல்லாம் மஞ்சள், குங்குமம். சாணம் ஊற்றும் குழாயில் வாடிய மாலை. வெளியே வந்த கரைசலில் புளிச்ச வாடை.

"ஏம்மா, இதுக்குள்ள என்ன போட்டீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மல்லிகாதான் சொன்னார். "ஆளுங்கல்லாம் லீவு சார். சாணி கரைக்க யாருமில்ல. மாட்டுக்கெல்லாம் பொங்கல் ஊட்டுறோம், இது மட்டும் பட்டினியாக் கெடக்கணுமான்னு..."

"எவ்வளவு ஊட்டுனீங்க?"

"சக்கரப் பொங்கல்தான். தெருவுல மிஞ்சுனதையும் கொண்டாந்து குடுத்தாங்க. பண்டிகை முழுக்க அண்டா அண்டாவா ஊத்துனோம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க சார். பால் போச்சுன்னா அந்த வீடுகளுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்லுவேன்? இதை மூடிடுங்க. எனக்கு டீசலே போதும்."

சுருக்கென்றது. சமயபுரத்தில் பந்தலுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவரைப் பிடித்தேன். பால் சூடேறுவதற்குள் வண்டி வந்துவிட்டது. பால் தப்பித்தது. ஆனால் நான் கட்டிய தொட்டிக்குப் பக்கத்திலேயே டீசல் புகை வந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"கொஞ்ச நாள் டைம் குடுங்கம்மா. சரியாகலன்னா நானே இடிச்சுத் தரேன்" என்றேன்.

2. வைத்தியம்

இனிப்பும் அரிசியும் ஒரேயடியாக உள்ளே போனதால் தொட்டிக்குள் அமிலம் ஏறி, மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிட்டன. எதையும் உள்ளே போடாமல் நிறுத்தினேன். சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நன்றாக ஓடும் இன்னொரு பிளான்ட்டிலிருந்து டிரம் டிரம்மாகக் கரைசல் கொண்டுவந்து, பாலுக்கு உறை ஊற்றுவது போல ஊற்றினேன். பிறகுதான் சாணம், அதுவும் அளவாக.

மல்லிகா தினமும் போன் செய்தார். "இன்னிக்குத் தேவலையா சார்?" சீக்கு மாட்டைப் பற்றிக் கேட்கிற அதே குரல். இவர் தொட்டியை மூட மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மாசி பிறந்த பிறகு ஒரு காலையில் பர்னரில் நீலத் தீ நின்று எரிந்தது. இன்ஜின் ஒரே தடவையில் பிடித்தது, நிற்கவில்லை. கூலர் ஓடத் தொடங்கியதும் மல்லிகா தொட்டிச் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பினாயில் ஊற்றாதீர்கள், சோப்புத் தண்ணீர் விடாதீர்கள் என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம்; ஆசையாக எதையும் ஊட்டாதீர்கள் என்று சொல்வதில்லை. பிளான்ட்டைப் பிடிக்காதவர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். பிடித்துப்போனவர்கள்தான் ஊட்டிவிடுவார்கள். அவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு மல்லிகா என்னை வரச்சொன்னார். தொட்டிக்கு மாலை போட்டு, இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, சூடம் காட்டினார். நான் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பயப்படாதீங்க சார். அதுக்குச் சாணி கரைச்சு ஊத்தியாச்சு. இது உங்களுக்கு."

இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.