எடைக் கொட்டகையில் சொன்ன ‘இல்லை’

“…எழுதினது உங்க கைதானுங்கண்ணா, ஆனா சொன்னது எங்கம்மா வாய். எனக்குப் பன்னெண்டு வயசுல இருந்து சுகர் இருக்குது. இன்சூரன்ஸ் தாள்ல அதை இன்னைக்கே திருத்திக் குடுங்க” என்று என் மகள் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால், சுவரில் இருந்த மழை அளவுப் பலகையைப் படிப்பதுபோல நின்றிருந்தேன்.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “ஏங்கண்ணு, உனக்கா? ஊட்டி கேரட் மாதிரி இருக்கற!”

“கேரட்டுக்கு ஊசி போட்டா வெளியில தெரியுமாங்கண்ணா?”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள் நான். எங்கள் கிளார்க்குக்கு எல்லாவற்றையும் கூவிச் சொல்லித்தான் பழக்கம். எடைக் கொட்டகையில் மூட்டையைத் தராசில் வைத்தால், பெயரையும் கிலோவையும் உரக்கச் சொல்வார். நாமும் உரக்க ‘சரிங்க’ சொல்ல வேண்டும். ஊரே கேட்கும்போது யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது அல்லவா? என்னோடு பறிக்கும் ஓர் அக்கா சொல்வாள்: “இவர் கூப்பிட்டா செத்தவகூட எந்திரிச்சு, எத்தன கிலோன்னு கேப்பா.”

போன வருடம் எஸ்டேட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீடு என்று அறிவித்தார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு என்றார்கள். எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை. என் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தினமும் நாலு தடவை இன்சுலின் போட்டாக வேண்டும். ஒருமுறை சர்க்கரை ஏறி, மூன்று நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தவள். அந்தக் காப்பீட்டு அட்டை யாருக்கு அவசியமோ இல்லையோ, அவளுக்கு அவசியம்.

ஃபாரத்தையும் கிளார்க் கொட்டகையில் வைத்துத்தான் நிரப்பினார், அதே கூவலோடு. “மக பேரு? வயசு? நோய் ஏதாச்சும் இருக்குதா?” எனக்கு முன்னும் பின்னும் வரிசை. வரிசையில் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதெல்லாம், “பொண்ணு படிப்பு எப்பங்க முடியுது?” என்று தன் மகனை மனதில் வைத்துக்கொண்டு விசாரிப்பவள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணுமில்லீங்க!” என்றேன். கிலோவுக்குச் சொல்லும் ‘சரிங்க’வைவிடச் சத்தமாக.

அது ஏதோ அவசரத்தில் வந்த சொல் என்று இன்றும் சமாளிக்கலாம். ஆனால் ஏழு வருடமாக நான் பழகி வைத்திருந்த சொல் அது. வீட்டுக்கு வந்தவர்கள் ஃபிரிட்ஜில் இன்சுலினைப் பார்த்துவிட்டால், “கண்ணுல விடற மருந்துங்க” என்பேன். கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் அவளைக் கழிவறைக்கு அனுப்பி, அங்கே ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான். அவள் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

அட்டை வந்தது. அதன்பிறகுதான் பயமும் வந்தது. ஹாஸ்டலில் இருந்து போன் என்றால், எடுப்பதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வேன். எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸிடம், யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல விசாரித்தேன். “மறைச்சு எழுதியிருந்தா கண்டுபிடிச்சிருவாங்கக்கா. அப்புறம் அட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான்” என்றாள். அப்போதாவது போய்த் திருத்தியிருக்கலாம். திருத்துவதென்றால் கிளார்க்கிடம் போய் மறுபடி சொல்ல வேண்டும். அவர் அதையும் கூவுவார். அதனால் போகவில்லை. என் மகளின் உயிரையும் என் மானத்தையும் ஒரே தராசில் வைத்து, தினமும் மானத்தின் பக்கமே போய் நின்றேன்.

இந்த லீவுக்கு வந்தவள், ஹாஸ்டலில் கேட்கிறார்கள் என்று காப்பீட்டுத் தாளை எடுத்துப் படித்தாள். “நோய்: இல்லை” என்ற வரியில் நின்றாள். “யாரும்மா இந்தப் பொண்ணு? நல்லா இருக்காளே!” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் காலையில் என்னை ஆபீஸுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

கிளார்க் தாளைப் புரட்டினார். அன்று மட்டும் தாழ்ந்த குரலில் பேசினார். “இருக்குதுன்னு சொல்லியிருந்தா அப்பவே சேத்திருப்பாங்கக்கா. மொத்தமா எடுக்கற பாலிசிதான இது? இல்லைன்னு சொன்னதுதான் வம்பாப் போச்சு. அடுத்த வருஷத்துக்கான லிஸ்ட் இன்னைக்கு அனுப்பறோம். ஏன் மறைச்சீங்கன்னு உங்க கைப்பட ஒரு லெட்டர் வேணும். ஏத்துக்குவாங்களான்னு நான் சொல்ல முடியாது.”

மகள் வெள்ளைத்தாள் வாங்கி என் முன்னால் வைத்தாள். ‘ஐயா, வணக்கம்’ வரை எழுதினேன். பேனா நின்றுவிட்டது.

“படிக்காதவ, தெரியாமச் சொல்லிட்டேன்னு எழுதட்டுமா கண்ணு?”

“பஜ்ஜி மடிச்சு வர்ற பேப்பரக்கூட விடாமப் படிக்கறவ நீ. இதுலயும் பொய்யாம்மா?”

காரணம் ஒன்றுதான். ‘இப்படி ஒரு மகள் எனக்கு இருப்பதைச் சொல்ல வெட்கப்பட்டேன்.’ அதை எழுத வேண்டும். அவளோ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையால் தாளை மறைத்தேன். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“வாங்கண்ணா, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம். எனக்குச் சர்க்கரை இல்லாம” என்று வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லி, கிளார்க்கை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, தானும் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.