இது என்ன வகைப் பாட்டு?

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் எங்கள் ஸ்டாஃப் பஸ்ஸில் நாளுக்கு ஒருவராகப் பாட்டுப் போடுவோம். என் முறை வந்த அன்று எனக்குப் பிடித்த இசைக்குழுவைப் போட்டேன். பாதியில் பக்கத்து சீட்டு அண்ணன், "இன்னாமா இது, கானாவா, சர்ச் பாட்டா?" என்றார்.

அவர்கள் பாட்டில் பறையும் கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கும், நடுவில் நாலு குரல்கள் சர்ச் கோயர் போல எழும்பும். ராக் என்று சொல்லிப் பார்த்தேன். "ராக்குல ஏதுமா ஒப்பாரி?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

விடக்கூடாது என்று தோன்றியது. அந்த ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரையில் அந்தக் குழுவினர் பாடினார்கள். கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த பாடகியிடமே இது என்ன வகைப் பாட்டு என்று கேட்டேன்.

"எங்களுக்குள்ளயே அந்தச் சண்டை நடந்துகினுதான் கீதுக்கா. ட்ரம்ஸ்காரன் ஒண்ணு சொல்றான், நான் ஒண்ணு சொல்றேன்" என்றாள்.

பஸ்ஸில் என் அடுத்த முறையிலும் அவர்களையே போட்டேன். "பேரு கண்டுபுடிச்சியா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணா. பாடறவங்களுக்கே தெரியல. தெரியறவரைக்கும் என் நாள்ல இதான் ஓடும்" என்றேன்.

பாதி வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டியும் யாரும் பாட்டை மாற்றச் சொல்லவில்லை.