தீர்த்தத்தைக் கொதிக்க வைத்தேன்

சூலம் ஏந்திய கரத்தால் துயர் களைபவளே, வேம்பின் நிழலில் வீற்றிருக்கும் மாரித் தாயே, நின் திருவடி போற்றி.

ஆடி வெள்ளியாகிய இன்று, அன்பர்களிடம் என் அனுபவத்தை வைக்கிறேன்.

மலாக்காவை அடுத்த ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த காலம். ஆடித் திருவிழா நெருங்கும் வேளையில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. என் ஒரே மகள் கமலம் பட்டணத்து ஆஸ்பத்திரியில், தனி வார்டில், நினைவின்றிக் கிடந்தாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பதிகம் பாடுபவள் நான். அன்று பாட்டு வரவில்லை; சண்டைதான் வந்தது. “பாடிய வாய்க்கு இதுதான் கூலியா? பிள்ளையைக் கொடு. இல்லையேல் இனி உன் வாசலில் என் குரல் கேளாது” என்றேன்.

சில நாளில் காய்ச்சல் தணிந்தது. மகள் கண் திறந்து கஞ்சி கேட்டாள். கைகூப்பி அழுத என்னைத் தாதி தொட்டார். மிஸி என்போம் அவரை.

“மருந்து நாங்க குடுத்துட்டோம்க்கா. தோட்டத்துக்குப் போனா புள்ள எந்தத் தண்ணியக் குடிக்கும்?”

கோயில் கிணற்றில் கிருமி இருக்கிறது, நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள் என்று சுகாதார இலாகாவினர் முன்பே சொல்லியிருந்தார்கள். வீடுகளில் கொதிக்க வைத்தோம். ஆனால் அதே கிணற்றிலிருந்து எடுக்கும் தீர்த்தத்தில் கை வைக்க எவருக்கும் துணிவில்லை. தாய் பிள்ளையையும் தந்து, செய்ய வேண்டிய வேலையையும் தந்துவிட்டாள் என உணர்ந்தேன்.

திருவிழாவன்று கோயில் பின்புறம் அடுப்பு மூட்டி, தீர்த்த நீரை அண்டாவில் ஊற்றினேன். தோட்டத்துக் கங்காணியும் கோயில் தலைவருமான மண்டோர் ஓடி வந்தார்.

“பாடுறவ பாட்டோட நிறுத்திக்கணும், தங்கச்சி. தீர்த்தத்த எவளாச்சும் அடுப்புல வப்பாளா? ஆத்தா என்ன கோப்பியா கேட்டா?”

“வருசா வருசம் தீச்சட்டி ஏந்துறீங்களே, அண்ணே. நெருப்பு ஆகாதுன்னு ஆத்தா எப்பச் சொன்னா?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் விறகை இழுக்கக் குனிந்தார். நான் அகப்பையோடு குறுக்கே நின்றேன். நகரவில்லை.

நீர் கொதித்தது, ஆறியது. மஞ்சளும் வேப்பிலையும் இட்டுப் படைத்தோம். அன்று காலைதான் வீடு திரும்பிய மகளுக்கு, எல்லோரும் காண, முதல் கரண்டி ஊற்றினேன். குடித்தாள். சற்றுப் பொறுத்து மண்டோரும் கை நீட்டினார்.

கமலம் இன்று செங் என்னும் ஊரில் பேரப்பிள்ளைகளோடு நலமாக வாழ்கிறாள். மருந்தை நாடுவது தெய்வத்தை ஐயுறுவது என்பாருக்கு நான் இன்றும் பணியேன். அழுது கேளுங்கள், சண்டையிட்டும் கேளுங்கள். விடை ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வந்தாலும் அது அவள் விடையே. எழுந்து செய்யுங்கள்.

இதைப் படிப்போர் இல்லம்தோறும் நோயற்ற உடலும் அஞ்சாத நெஞ்சும் நிலைக்க, அன்னை அருள்க.