எங்கள் டியூஷனுக்கு ஓர் ஏழை கிடைத்த கதை

சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர்களுக்குத் தெரியும்: 'அ' எழுத வைத்துவிடலாம், இரண்டாம் வாய்ப்பாட்டைக்கூட உருட்டி மிரட்டி ஏற்றிவிடலாம், கையில் இருக்கிற பிஸ்கட்டில் பாதியைப் பக்கத்துப் பிள்ளைக்கு உடைத்துக் கொடுக்க வைப்பதற்குள்தான் நம் உயிர் போய்விடும். திண்டிவனத்தில் என் வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் பாய் விரித்து, யு.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை உள்ளதுகளை மேய்க்கிறேன். பாதி எங்கள் தெருப் பிள்ளைகள், மீதி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். நான் படித்தது திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பன்னிரண்டு வரை. குழந்தை மனோதத்துவமெல்லாம் தெரியாது. ஆனாலும் இந்த வருஷம் ரமலான் நோன்பு பிறந்ததும், வெறும் ஹோம்வொர்க் மட்டும் எதற்கு, இரக்கத்தையும் ஈகையையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று ஓர் ஆசை வந்துவிட்டது. இதே ஆசை வந்து அவதிப்படும் தாய்மார்களே, ஆறுதலுக்காவது மேலே படியுங்கள்.

பழமும் கொட்டையும்

தலை நோன்பன்று ஆளுக்கு இரண்டு பேரீச்சம்பழம் கொடுத்தேன். "ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு பசியோட இருக்கற யாருக்காவது. நாளைக்கு வந்து யாருக்குக் குடுத்தீங்கன்னு சொல்லணும்." மறுநாள் கேட்டால் ஆளாளுக்கு ஒரு காரணம். கோகுல், "எனக்கேதான் மிஸ் பசிச்சுது" என்றான். நஸ்ரீன் தன் பொம்மைக்குக் கொடுத்தாளாம். அது வேண்டாம் என்றுவிட்டதாம். அதனால் அவளே தின்றுவிட்டாளாம்.

கையைத் தூக்கியது ஒரே ஒருவன்தான். என் மகன் இர்ஃபான், ஐந்து வயசு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெற்ற வயிறு இல்லையா! "யாருக்குப்பா குடுத்தே?" என்றேன். "நம்ம கோகுலுக்குத்தான்" என்றான். கோகுல் முழித்தான். "பழத்தையா குடுத்தே?" என்று கேட்டதற்கு என் சீமந்தபுத்திரன் சொன்னான்: "பழம் எனக்கு. கொட்டைய அவன் பைக்குள்ள போட்டுட்டேன். நட்டு வெச்சா மரமே வருமில்ல, அவனுக்குத்தான் லாபம்."

பசிப் பாடம்

பசி தெரிந்தால்தானே இரக்கம் வரும் என்று அடுத்த யோசனை. ஸ்கூல் விட்டு வந்ததும் எதுவும் தின்னாமல் டியூஷனுக்கு வர வேண்டும், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்ன பிறகு எல்லாருக்கும் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் வடையும் என்று சொல்லிவைத்தேன். அம்மாக்கள் எல்லாருக்கும் பரம சந்தோஷம், ஒரு வேளை பலகாரம் மிச்சம். பிள்ளைகள் பட்ட பாட்டை ஏன் கேட்கிறீர்கள்! ஒன்று அழுகிறது, ஒன்று சாக்பீஸை நக்குகிறது. கஞ்சி உள்ளே போனதும், "பசின்னா இன்னான்னு இப்போ தெரிஞ்சுதா?" என்றேன். நஸ்ரீன் எழுந்து நின்று, "தெரிஞ்சுது மிஸ். பசிச்சா மிஸ்ஸுக்குக் கோவம் வரும்" என்றாள்.

எல்லாரும் சிரித்து முடித்த பிறகு யமுனா பேசினாள். ஒன்றாம் வகுப்பு. கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் வயல்காட்டு வேலை. கேட்டாலே வாய் திறக்காதவள், அன்றைக்குக் கேட்காமலே சொன்னாள். அழுத பிள்ளையைப் பார்த்து, ஒரு சுலபமான வழி சொல்லித் தருகிறவள் மாதிரி: "தண்ணி நெறைய குடிச்சிட்டு குப்புறப் படுத்துக்கினா பசி தெரியாது."

நான் அவளுக்கு இன்னொரு வடை எடுத்து வைப்பதற்குள் என் மகன், தொலைந்த பொருள் கிடைத்த மாதிரி துள்ளி எழுந்து கத்தினான்: "அம்மா, நம்ம டியூஷன்லயே ஒரு ஏழை இருக்குது!"

நன்மைக்கு அடிதடி

இந்த மாதத்தில் கொடுத்தால் நன்மை பல மடங்காகத் திரும்பி வரும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அது மட்டும் பசுமரத்தில் அடித்த ஆணி மாதிரி இறங்கியிருக்கிறது. மறுநாளிலிருந்து யமுனாவைச் சுற்றி ஒரே கூட்டம். நுனி உடைந்த பென்சில், பாதி கிரேயான், கடித்த முறுக்கு, ஜோடி இல்லாத வளையல். "நேத்து நீ குடுத்தேல்ல, இன்னிக்கி என் முறை" என்று கோகுலும் நஸ்ரீனும் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் யமுனா, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வெளியே இருந்தால் யாராவது எதையாவது திணித்துவிடுகிறார்களே!

நான் ஸ்கேலைத் தட்டி, "போதும், இனிமே யாரும் யமுனாவுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது" என்று அதட்டினேன். நஸ்ரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ நாங்க யாருக்கு மிஸ் குடுக்கறது? வேற ஏழை இல்லியே!"

கேட்டுக்கு அந்தப் பக்கம்

அதற்கப்புறம் யமுனா வரவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று பார்க்கப் போனேன், கையில் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தோடு. அவள் அம்மா அப்போதுதான் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) ஆய்ந்துவிட்டு வந்திருந்தாள், நகக்கண்ணெல்லாம் செம்மண். "வாங்க டீச்சர், குந்துங்க" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். பிறகு ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து என் முன்னால் வைத்தாள். பென்சில், கிரேயான், வளையல், எல்லாம் அப்படியே இருந்தன. முறுக்கைக்கூட எறும்புதான் தின்றிருந்தது. யமுனா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

என் கையில் இருந்த பாக்கெட்டை மெல்ல துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டேன். அந்தம்மா கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "இந்தத் தெருவுல எல்லா வூடும் ஒண்ணுதான் டீச்சர். ஏழைன்னா இன்னான்னே இவளுக்குத் தெரியாது, உங்க வூட்டுக்கு வந்துதான் கத்துக்கினா. நான் படிக்கத்தான் அனுப்பிச்சேன், வாங்கறதுக்கு இல்ல."

விழுப்புரத்து யோசனை

என் நாத்தனார் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர், முறையாகப் பயிற்சி எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தார். பஸ்ஸில் போகும்போதே, அவரிடம் கேட்டால் வழி பிறக்கும் என்று மனசுக்குள் ஒரு தெம்பு. சமோசா பொரித்துக்கொண்டே முழுக் கதையும் கேட்டார். கேட்டுவிட்டு, கரண்டியை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியமே, இதுக்கெல்லாம் நெஜ ஆளையா புடிப்பாங்க? நாங்க சார்ட்ல படம்தான் ஒட்டுவோம். படம் கோச்சிக்கினு நாளைக்கி வராம நின்னுடுமா?"

வாங்க ஆளில்லை

நோன்பு முடியப்போகிற சமயம், ஒரு சாயங்காலம் யமுனா வாசலில் வந்து நின்றாள். பை இல்லை. கையில் ஒரு தூக்கு நிறைய அவித்த மல்லாட்டை, உப்பு வாசனையோடு. "அம்மா குடுத்துச்சு. எல்லாருக்கும் குடுக்கச் சொல்லிச்சு" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில், "எல்லாரும் கைய நீட்டுங்க!" என்று கத்தினேன். ஒரு கையும் நீளவில்லை. நஸ்ரீன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எனக்கே பாடம் எடுத்தாள்: "நாங்க ஏன் மிஸ் வாங்கணும்? அவதான வாங்கணும். அவ குடுத்தா நன்மையெல்லாம் அவளுக்குப் போயிடுமே." யமுனா தூக்கைக் கீழேயும் வைக்காமல், திரும்பியும் போகாமல் நின்றாள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

அப்போது என் மகன் கூட்டத்தை இடித்துக்கொண்டு போனான். இரக்கமா? அதெல்லாம் இல்லை, அவனுக்கு மல்லாட்டை என்றால் உயிர். "எனக்கு ரெண்டு கை குடு" என்று வாங்கி, தோலோடு வாயில் போட்டு, உடனே "இன்னும்" என்று நின்றான். விட்டால் தூக்கையே காலி பண்ணிவிடுவான் என்று தெரிந்ததும் மற்றவர்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கோகுல் ஓடினான், கடைசியில் நஸ்ரீனும் ஓடினாள். யமுனா கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவள் மாதிரி புருவத்தை நெரித்து, "தூக்கப் புடிச்சி இஸ்க்காதீங்க! வரிசையா நில்லுங்க, எல்லாருக்கும் வேணுமில்ல!" என்று அதட்டினாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாங்கு சொன்னதும் நானும் அவள் கையால் நாலு மல்லாட்டை வாங்கி நோன்பு திறந்தேன்.

தூக்கைக் கழுவிக் கொடுத்து, "நாளைக்குப் பை எடுத்துக்கினு வந்துடு கண்ணு, இனிமே எல்லாம் சரியாப் போவும்" என்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், என் மனசு நோகக் கூடாதென்று யோசிக்கிற மாதிரி. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்க நோன்பு முடிஞ்சப்புறம் டியூஷனுக்குப் போவச் சொல்லிச்சு அம்மா. அப்பதான் யாரும் ஒண்ணும் குடுக்க மாட்டாங்களாம்."

ஈகையைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒரு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவளின் வகுப்புக்கு வந்து நிம்மதியாக உட்கார, அந்த மாதம் எப்போது முடியும் என்று ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்றால், நான் பாஸா ஃபெயிலா என்று நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.