ஆணி பிடுங்கிய தார்க்குச்சி

காலையில் வாய்க்கால் கரையில் நடக்கக் கிளம்பும்போது நாய்களுக்காகக் கையில் ஒரு மூங்கில் குச்சி எடுத்துக்கொள்வேன். வண்டி மாட்டைக் குத்தி ஓட்டுகிற தார்க்குச்சி அது. நுனியில் இருந்த ஆணியை நானே குறடு வைத்துப் பிடுங்கி எறிந்தேன். இந்தக் குச்சியால் என் அப்பா ஒரு மனிதரின் தோள் எலும்பை உடைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அடுப்பில் வைத்து எரித்திருக்க வேண்டிய சனியன். அம்மா இறந்தபின் நான் ஊரோடு வந்து வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து விழுந்தது. ஏனோ எரிக்கவில்லை.

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர். திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. எனக்குப் பதினோரு வயது. அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அப்பா மிராசுதார். அரைப்படி கொடுத்தால் குடியா முழுகிவிடும்? லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் வீட்டில் யாரும் நடப்பதில்லை. கூப்பிடு தூரத்துக் கோயிலுக்குக்கூட வில்வண்டி கட்டுவார்கள். நடப்பது கூலி ஆட்களின் காரியம் என்பது அப்பாவின் எண்ணம். அன்று என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வயலுக்குப் போவதாக இருந்தார். வண்டிக்காரரும் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அவரே ஓட்டினார். மதகடியில் விவசாயச் சங்கத்து இளைஞர் ஒருவர் குறுக்கே வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“அரைப்படிக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க.”

“எவன்கிட்டடா பதில் கேக்குற, நாயே!”

முதல் அடி தோளில். காய்ந்த மட்டையை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரி ஒரு சத்தம். இரண்டாவதில் ஆணி கன்னத்தைக் கிழித்தது. வலது கை தொங்கிவிட்டது; அவரோ கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டார், விடவில்லை. மூன்று, நான்கு. வெள்ளை மாட்டின் கழுத்தெல்லாம் ரத்தம். “போதும்ப்பா, போதும்ப்பா” என்று கத்தியபடி நான் பாவாடையை நனைத்துவிட்டேன். பிறகு அவர் பின்னால் திரண்டிருந்த ஆட்களிடமிருந்து கல் பறந்தது. அப்பாவின் நெற்றி பிளந்தது. வண்டியைத் திருப்பி ஓட்டும்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “இனிமே வரப்புல கால வெச்சே, அந்தக் கால வெட்டிப்புடுவோம்!” அன்று மாலையே எங்கள் வைக்கோல்போர் பற்றி எரிந்தது.

அதோடு அப்பா வாசற்படி இறங்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். வருடக்கணக்கில் ஈஸிசேர், கைக்கெட்டும் தூரத்தில் இந்தக் குச்சி. சர்க்கரை வியாதி எங்கள் பரம்பரைச் சொத்து. தாத்தா அதில் கண் பார்வையை இழந்து செத்தார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே சொத்து அதுதான், அப்பாவுக்கும் வந்தது. வீட்டுக்கே வந்து பார்த்த தஞ்சாவூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடந்தே ஆகவேண்டும் என்றார். வெளியே போகப் பயம். பயம் என்று சொல்லவோ வாய் வராது.

“கூடத்துலயாவது நடங்கப்பா” என்று ஒருநாள் காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

“என்னைப் பொட்டச்சி மாதிரி வூட்டுக்குள்ளயே சுத்தச் சொல்றியாடி?”

பித்தளைச் செம்பு பறந்து வந்தது. என் புருவத்தில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். அடுத்த வருடம் அவர் குதிகாலில் ஒரு கொப்புளம். புண்ணாகி, அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், “வெட்டிட்டானுவ, சொன்னபடியே வெட்டிட்டானுவ” என்று வார்டே அதிரக் கத்தினார். இரண்டு நர்சுகளை அடித்தார். வருடம் திரும்புவதற்குள் போய்விட்டார். பாவம் என்று அழுதேன். ஆத்திரம் மட்டும் இன்றுவரை அடங்கவில்லை.

போன ஆடியில் என் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா, “எல்லைக்கோட்டுல நிக்கிறீங்க” என்றார். “தாத்தா, அப்பா ரெண்டு பேருக்கும் இருந்ததால உங்களுக்கு வர வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா வந்தே தீரும்னு தலையெழுத்து கிடையாது. தினம் அரைமணி நேரம் வேகமா நடங்க. அந்த வாய்ப்பு நல்லாவே குறையும்.” அவ்வளவுதானா? அரைமணி நேரமா? எனக்கு அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. மறுநாளே குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இந்தத் தை மாதம், அதே மதகடியில், ஒரு நாய் என் புடவையைக் கவ்விவிட்டது. பயத்தில் குச்சியை ஓங்கி வெறிபிடித்தவள் மாதிரி அடித்தேன். அது ஊளையிட்டு ஓடிய பிறகும் தரையை அடித்துக்கொண்டிருந்தேன். “போதும்மா, போதும்” என்று ஒரு குரல். நிமிர்ந்தேன். கன்னத்தில் நீளத் தழும்பு. வலது தோள் சரிந்து கிடந்தது. அன்று கயிற்றை விடாத அதே மனிதர்.

“இது... அந்தக் குச்சிங்க” என்றேன்.

“தெரியும். ஆறு மாசமா பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.”

“எங்கப்பாவ மன்னிச்சிடுங்க.”

“அதெப்படிம்மா? இந்தக் கையால இன்னைக்கும் தலை சீவ முடியல.” இடது கையால் மதகைக் காட்டினார். “கால வெட்டுவேன்னு கத்துனது நான்தான். வலியில கத்துனேன். ஒரு மாசம் கறுவிக்கிட்டுக் கெடந்தோம். அப்புறம் கூலி கூடிச்சு, நடவு வந்துச்சு, அவங்கவங்க பொழப்பு. யாரு உக்காந்து அவரு காலுக்குக் காவ காத்தா? ஏன் வெளியில வரலன்னு நாங்களே பேசிக்குவோம்.”

அவர் போய்விட்டார். ஒரே ஒரு மாதம்! அதற்குப் பிறகு ஏதாவது ஒரு காலையில் அப்பா படியிறங்கி இந்தக் கரையில் நடந்திருக்கலாம். ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். குச்சியை ஓங்கி மதகுக் கட்டையில் அடித்தேன். மறுபடி அடித்தேன். கை எரிந்ததே தவிர, பாழாய்ப்போன மூங்கில் உடையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அரைமணியில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. குச்சியை இடுக்கிக்கொண்டு, அழுதபடியே, வேகமாக நடந்தேன்.