மார்க்கெட்டில் கிடைத்த தோழர்

இரண்டாம் உலகப் போரில், பர்மாக் கரையோரத் தீவு ஒன்றில், காயம்பட்ட தோழரைக் குண்டுமழைக்கு நடுவே தூக்கிவந்து வீரப்பதக்கம் வாங்கியவர் என் கணவர். அந்தப் பேச்சை எடுத்தாலே, "அவன் பிழைக்கலையாம். அப்புறம் பதக்கம் எதுக்கு?" என்று எழுந்துவிடுவார்.

எழுபதுகளில் ஒருநாள் காலை, மயிலாப்பூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். கைத்தடி ஊன்றிய ஒருவர் இவரையே உற்றுப் பார்த்தார்.

"இன்னா நைனா, என்னைத் தூக்கிக்கினு ஓடறேன்னு ரெண்டு தபா சேத்துல போட்டியே, மறந்துட்டியா?"

இவர் கையிலிருந்த பை நழுவியது. "டேய், நீ உயிரோடவா இருக்கே?" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

தி.நகரில் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். சாப்பிடும்போது, "நீ அவ்ளோ கனம்டா!" "ஒனக்குத்தான் தெம்பில்லை!" என்று ஒரே சண்டை. நடுவே இவர் மூன்றாம் முறை சோறு கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவர் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தச் சண்டை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று மறுபடியும் உலை வைத்தேன்.