ஜன்னலை மூடிய நந்தியாவட்டை

கிளை வெட்டிக் கவாத்து செய்த காப்பிச் செடி அப்புறம் என்ன ஆகிறது என்று திரும்பிப் பார்த்தே காளீஸ்வரி பலமுறை திட்டு வாங்கியிருக்கிறாள். குரங்கணிக்கு மேலே இருந்த எஸ்டேட்டில் மற்றவர்கள் வரிசையில் முன்னே போய்விடுவார்கள். இவள் மட்டும் போன வருஷம் வெட்டிய கிளையில் எந்தப் பக்கம் துளிர்த்திருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "சோலியப் பாரு ஆத்தா" என்பார் கங்காணி.

மகளைப் போடியில் படிக்கவைப்பதற்காக அவளும் ஜீப்பு ஓட்டும் கணவன் மொக்கையனும் மலையைவிட்டு இறங்கினார்கள். ஏலக்காய்க் கடை வைத்திருந்த எட்வர்டின் வீட்டில் செடி வெட்ட ஆள் தேடுவதாக மொக்கையன்தான் வந்து சொன்னான்.

அந்த வீட்டு முகப்பில் மூன்று நந்தியாவட்டைகள் ஜன்னலை அடைத்து வளர்ந்திருந்தன. பகலிலேயே உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. வேரோடு எடுத்துவிட்டு டைல்ஸ் பதித்துவிடலாம் என்றாள் எட்வர்டின் மனைவி ஸ்வீட்டி. காளீஸ்வரி இலைகளை விலக்கி ஒரு செடிக்குள் தலையை நுழைத்தாள். வெளியேதான் பச்சை, உள்ளே வெறும் குச்சிகள். ஒரு தண்டை நகத்தால் சுரண்டினாள். தோலுக்கு அடியில் ஈரம் இருந்தது.

காப்பியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் துளிர்க்கும் என்றாள். இதுவும் துளிர்க்குமா என்று ஸ்வீட்டி கேட்டாள்.

"தெரியலக்கா. வெட்டிப் பாத்தாத்தேன் தெரியும்."

அந்தப் பதில் ஸ்வீட்டிக்குப் பிடித்துப்போனது. மூன்றையும் மூன்று விதமாக வெட்டிப் பார்ப்பதென்று முடிவானது. ஒன்றை முழங்கால் உயரத்தில் அறுத்தாள் காளீஸ்வரி. அடுத்ததில் கிழட்டுத் தண்டுகளை மட்டும் அடியோடு எடுத்தாள். கடைசிச் செடியை ஸ்வீட்டியே கத்தரி வாங்கிப் பந்து போல வெட்டினாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்த எட்வர்ட், மொட்டையாக நின்ற செடியைச் செருப்புக்காலால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

யாரும் கூப்பிடாமலே காளீஸ்வரி ஞாயிறுதோறும் வந்தாள். பந்துச் செடி வெளியே மட்டும் வெரசாகத் தழைத்து ஜன்னலை மறுபடி மூடியது. தண்டு எடுத்த செடிக்குள் வெளிச்சம் இறங்கி, வெறும் குச்சிகளில்கூடத் துளிர் வந்தது. மொட்டைச் செடி ஆடிக் காற்று முழுக்கச் சும்மா நின்றது. எட்வர்ட் தோண்டிவிடச் சொன்னார். ஸ்வீட்டி நகத்தால் சுரண்டிக் காட்டி, பச்சை இருக்கிறது என்று தடுத்தாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் ஸ்வீட்டியே போன் செய்தாள். "துளிர் வந்துருச்சு காளீஸ்வரி. ஆனா வெட்டுன எடத்துல இல்ல, தரையோரமா வருது. ஏன்?"

ஏன் என்று காளீஸ்வரிக்கும் தெரியவில்லை. உடனே வந்து பார்த்தாள். நெருக்கியடித்த துளிர்களைக் கிள்ளி, விலகி நின்றவற்றை மட்டும் விட்டாள். அந்தச் செடி ஜன்னலுக்குக் கீழேயே அடங்கி வளர்ந்தது. பூ மட்டும் அந்த வருஷம் சொற்பம்தான்.

அதைப் பார்த்துப் பக்கத்துத் தெருக்காரர்களும் அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் கூம்பு மாதிரி நின்ற தூஜா என்ற அழகுச் செடியை அதே மாதிரி ஒட்ட வெட்டினாள். அது துளிர்க்கவே இல்லை. வீட்டுக்காரரிடம் தன் தப்புதான் என்று சொன்னாள். அதிலிருந்து புதுச் செடி எதுவானாலும் முதலில் ஒரே கிளையை வெட்டிவிட்டுக் காத்திருக்கிறாள்.

இப்போது ஸ்வீட்டி வீட்டு மதிலில் காகிதப்பூச் செடி ரோட்டுப் பக்கம் மட்டும் பூக்கிறது. தண்ணீர் படாத பக்கம் அது. தோட்டத்துப் பக்கமும் தண்ணீரை நிறுத்திப் பார்க்கலாம் என்று இருவரும் நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் மொட்டு வரவில்லை.